எண்கள் அசையத் தொடங்கிய வரலாறு

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்பகுதியை நம்மில் பலர் அறிவோம். 1971-இல் தொடங்கப்பெற்ற தமிழக அரசு நிறுவனமான 'சிப்காட்' இங்கே இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் எனப் பல தொழிற்பேட்டைகளை அமைத்துள்ளது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய்க் கார்கள் வெளிவரத் தொடங்கின. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிசான் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. இத்தகைய தொழிற்சாலைகளுக்குள் செல்வோர் தலைக்கு மேலே தொங்கும் மின்பலகைகளைக் காணலாம். அன்றைய இலக்கு எவ்வளவு, முடிந்தது எவ்வளவு, வேலை தடைப்பட்ட நேரம் எவ்வளவு என்பவற்றை அப்பலகைகள் மாறிக்கொண்டே இருக்கும் எண்களாலும் வண்ணங்களாலும் அறிவித்துக்கொண்டிருக்கும்.

நாட்டின் பல கல்வி நிலையங்களில் இப்போது மாணவர்களுக்கும் இதையொத்த பணி ஒன்று தரப்படுகிறது. நான்கைந்து பேர் ஒரு குழுவாகச் சேர வேண்டும். ஒரு பொருளைப் பற்றிய புள்ளிவிவரங்களைத் திரட்ட வேண்டும். அவற்றை இரண்டு மூன்று நிமிடம் ஓடும் அசைபடமாகச் செய்து காட்ட வேண்டும். கட்டங்கள் வளரும், கோடுகள் ஏறி இறங்கும், சிறு சின்னங்கள் வரிசையாக வந்து நிற்கும். இதனை 'அசையும் விவரப்படம்' எனலாம்.

இது கணிப்பொறி யுகத்தின் புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. எண்களைப் படமாக்கும் கலைக்கு இருநூறு ஆண்டுகளுக்கும், அப்படங்களை அசையச் செய்யும் கலைக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கும் வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறிந்துகொண்டால் இவ்வேலையில் எது எளிது, எது கடினம், எந்த இடத்தில் தவறு புகும் என்பன தாமே விளங்கும்.

இயந்திரம் வரைந்த கோடு

ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர் என்பவர் 1786-இல் ஒரு நூலை வெளியிட்டார். இங்கிலாந்தின் ஏற்றுமதி, இறக்குமதிக் கணக்குகளை அட்டவணையாகத் தராமல் கோடுகளாகவும் கட்டங்களாகவும் அதில் அவர் வரைந்து காட்டினார். இன்று நாம் பள்ளியில் வரையும் கோட்டு வரைபடமும் பட்டை வரைபடமும் அந்நூலிலிருந்தே பரவின. வட்ட வரைபடத்தையும் 1801-இல் அவரே வெளியிட்டார்.

பிளேஃபேர் இளமையில் யாரிடம் படம் வரைபவராக வேலை பார்த்தார் தெரியுமா? நீராவி இயந்திரத்தைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட்டிடம். அதே தொழிற்சாலையில் 1796-இல் ஜான் சதர்ன் என்னும் உதவியாளர் ஒரு கருவியை உருவாக்கினார். இயந்திரத்தின் உருளையில் நீராவியின் அழுத்தம் கூடக் கூட ஒரு பென்சில் மேலே ஏறும். உந்துதண்டு நகர நகர அதனுடன் ஒரு பலகை நகரும். பலகையில் ஒட்டிய தாளில் இயந்திரம் தன் வேலையைத் தானே கோடாக வரைந்துவிடும். அக்கோடு அடைத்துக்கொள்ளும் பரப்பைக் கொண்டு இயந்திரம் செய்த வேலையைக் கணக்கிடலாம். இதன் பயனை நன்கு உணர்ந்திருந்த அந்நிறுவனம் பல ஆண்டுகள் இதனைத் தொழில் இரகசியமாகவே வைத்திருந்தது. ஆக, விவரப்படம் தொழிற்சாலைக்குப் புதியதன்று. அது பிறந்த வீடுகளில் ஒன்றே தொழிற்சாலைதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கலை விரைந்து வளர்ந்தது. கிரிமியப் போரில் குண்டுபட்டு இறந்தவரைவிட நோயால் இறந்த வீரரே மிகுதி என்பதை ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1858-இல் வண்ண வரைபடத்தால் எடுத்துக்காட்டினார். 1812-இல் உருசியாவின் மீது படையெடுத்த நெப்போலியனின் சேனை எவ்வாறு தேய்ந்து திரும்பியது என்பதைப் பிரெஞ்சுப் பொறியாளர் சார்லஸ் மினார் 1869-இல் ஒரே படத்தில் காட்டினார். புறப்படும்போது அகன்ற பட்டையாக இருக்கும் சேனை, திரும்பும்போது மெல்லிய இழையாகிவிடுகிறது. படம் அசையவில்லை, ஆயினும் அதனைப் பார்ப்பவரின் கண் ஒரு பயணம் போய் வருகிறது. படத்தை அசைக்கும் ஆசைக்கு அங்கேயே வித்து விழுந்துவிட்டது எனலாம்.

பட்டாணிச் செடியின் ஒரு மாதம்

படங்களை அசையச் செய்யும் வழியை முதலில் தேடியவர்களுள் கேளிக்கைக்காரர் மட்டுமல்லர், உடலியல் விஞ்ஞானியும் இருந்தார். பிரான்சின் ஏட்டியன் மாரே 1882-இல் துப்பாக்கி வடிவில் ஒரு காமிராவைச் செய்தார். பறக்கும் பறவையை அது நொடிக்கு 12 படங்கள் வீதம் பிடித்தது. கண்ணுக்கு எட்டாத வேகத்தை மெதுவாக்கிக் காண்பதே அவர் நோக்கம்.

இதற்கு நேர்மாறான வேலையை நம் நாட்டில் செய்து காட்டியவர் தாதாசாகேப் பால்கே. 1913-இல் 'ராஜா அரிச்சந்திரா' படத்தை வெளியிட்டவர் என்று அவரை எல்லாரும் அறிவர். அதற்குமுன் அவர் எடுத்த ஒரு சிறு படத்தைப் பற்றி அறிந்தவர் குறைவு. இலண்டனுக்குச் சென்று காமிரா வாங்கி வந்த பால்கேயிடம், முழுநீளப் படம் எடுக்கப் பணமில்லை. பணம் தருவோருக்குத் தம் திறமையைக் காட்ட வேண்டியிருந்தது. எனவே தொட்டியில் ஒரு பட்டாணி விதையை ஊன்றி, அதன் எதிரே காமிராவை நிறுத்தி, ஒரு மாதத்துக்கும் மேலாக அது வளர வளரச் சிறிது சிறிதாகப் படம் பிடித்தார். திரையில் ஓட்டியபோது விதை முளைத்துக் கொடியாக எழுவதைப் பார்வையாளர் சிறிது நேரத்திலேயே கண்டனர்.

இதிலுள்ள கணக்கை நாமே செய்து பார்க்கலாம். மணிக்கு ஒரு படம் வீதம் 30 நாள்கள் எடுத்தால் 720 படங்கள் கிடைக்கும். அக்கால வழக்கப்படி நொடிக்கு 16 படங்களாக ஓட்டினால் அவை 45 நொடிகளில் முடிந்துவிடும். அதாவது, திரையில் ஒரு நொடி என்பது செடியின் வாழ்வில் 16 மணி நேரம். காலத்துக்கு இப்படி ஓர் அளவுகோல் வகுப்பதே அசையும் விவரப்படத்தின் உயிர்நாடி. நிலப்படத்தில் ஒரு சென்டிமீட்டர் இத்தனை கிலோமீட்டர் என்று எழுதுகிறோம் அல்லவா? அதுபோல இங்கே ஒரு நொடி இத்தனை மணி என்று வகுக்க வேண்டும். இடையில் அந்த அளவு மாறினால் செடி பொய்யாக வளரும்.

விரலில் கட்டிய விளக்கு

பால்கே பட்டாணியைப் படம் பிடித்த அதே 1912-இல் அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத் என்பவர் தொழிலாளரின் கைகளைப் படம் பிடிக்கத் தொடங்கினார். கொத்தனாராக வாழ்வைத் தொடங்கிய அவர், ஒரு செங்கல்லை எடுத்து வைக்கத் தேவைப்பட்ட 18 அசைவுகளை ஏறத்தாழ ஐந்தாகக் குறைத்துக் காட்டியவர். அவருடைய மனைவி லில்லியன் கில்பிரெத் உளவியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். இருவரும் சேர்ந்து, வேலை செய்பவரின் அருகே வேகமாகச் சுழலும் ஒரு கடிகாரத்தை வைத்து இரண்டையும் ஒன்றாகப் படமெடுத்தனர். ஒவ்வொரு படத்திலும் கடிகாரம் இருந்ததால் ஒவ்வோர் அசைவுக்கும் ஆன நேரத்தை நொடியின் சிறு பின்னங்களில் அளக்க முடிந்தது.

அடுத்து, தொழிலாளியின் விரலில் ஒரு சிறு மின்விளக்கைக் கட்டி, காமிராவின் கண்ணைத் திறந்தே வைத்துப் படம் பிடித்தனர். கை சென்ற வழி முழுவதும் ஒளிக்கோடாகப் பதிந்தது. விளக்கை விட்டு விட்டு எரியச் செய்தபோது கோடு சிறு துண்டுகளாகப் பதிந்தது. துண்டு நீண்டிருந்தால் கை விரைந்திருக்கிறது என்று பொருள். குறுகியிருந்தால் தயங்கியிருக்கிறது என்று பொருள். 1921-இல் கில்பிரெத், ஒரு பொருள் தொழிற்சாலையில் கடந்து செல்லும் படிகளைச் சின்னங்களால் காட்டும் முறையையும் பொறியாளர் சங்கத்தில் விளக்கினார். இன்று ஒரகடம் போன்ற இடங்களில் தொழில் பயில வரும் இளைஞர் கற்கும் செயல்முறை வரைபடம் அதன் வழிவந்ததே.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது: படம் யாருக்காக? களைப்பைக் குறைக்கவே இவ்வாராய்ச்சி என்றனர் கில்பிரெத் தம்பதியர். ஆனால் கடிகாரத்தோடு அருகில் வந்து நிற்பவரைத் தொழிலாளர் எப்போதும் நண்பராகக் கருதவில்லை. நிறுத்துகடிகாரத்தால் வேலையை அளக்கும் டெய்லரின் முறையை எதிர்த்து 1911-இல் வாட்டர்டவுன் படைக்கலச் சாலையின் வார்ப்புத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அரசுப் படைக்கலச் சாலைகளில் அம்முறைக்குப் பணம் ஒதுக்குவதை அமெரிக்கக் காங்கிரஸ் பின்னர்த் தடை செய்தது. ஒரு மணிக்கு எத்தனை பொருள் என்று மட்டும் காட்டும் படம் ஒரு கதையைச் சொல்லும். அதே மணியில் கை எத்தனை முறை நீண்டு மடங்கியது என்றும் சேர்த்துக் காட்டும் படம் வேறு கதையைச் சொல்லும். இரண்டிலும் பொய் எண் ஒன்றுகூட இருக்க வேண்டியதில்லை.

வியன்னாவின் மூன்றாம் ஆள்

எந்த எண்ணைக் காட்டுவது, எப்படிக் காட்டுவது என்ற இந்த முடிவையே ஒரு தனித் தொழிலாக உயர்த்தியவர்கள் வியன்னா நகரத்தார். தத்துவ அறிஞரும் பொருளியலாளருமான ஓட்டோ நொய்ராத் 1925-இல் அங்கு ஒரு சமூகப் பொருளாதார அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். வீட்டுவசதி, காசநோய், குழந்தை இறப்பு முதலிய நகரக் கணக்குகளை, அதிகம் படிக்காத தொழிலாளரும் புரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் விருப்பம். இம்முறைக்குப் பின்னர் 'ஐசோடைப்' என்று பெயர் வந்தது.

அதன் முதல் விதி எளிமையானது. மிகுதியைக் காட்டச் சின்னத்தைப் பெரிதாக்காதே. சின்னங்களின் எண்ணிக்கையைக் கூட்டு. ஏன்? ஒரு கார்ச் சின்னம் 10,000 கார்களைக் குறிப்பதாகக் கொள்வோம். 20,000 கார்களைக் காட்ட, அச்சின்னத்தை இருமடங்கு உயரமாக வரைகிறோம். உயரம் கூடும்போது அகலமும் இருமடங்காகும். எனவே தாளில் அது அடைக்கும் பரப்பு நான்கு மடங்காகிவிடும். கனமுள்ள பொருளாக வரைந்தாலோ எட்டு மடங்காகத் தோன்றும். எண் சொல்வது இரண்டு. கண் காண்பது நான்கு அல்லது எட்டு. இரண்டு கார்களை அருகருகே வரைந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

நொய்ராத்தின் குழுவில் வேலைப் பகிர்வு மூன்று வகையாக இருந்தது. புள்ளிவிவரம் திரட்டுவோர் ஒரு பக்கம். கெர்ட் ஆர்ன்ட்ஸ் போன்ற ஓவியர் மறு பக்கம். இருவருக்கும் நடுவில் மூன்றாம் ஆள் ஒருவர். திரட்டிய எண்களுள் எது முக்கியம், எதனோடு எதை ஒப்பிடுவது, எதை விடுவது என்று முடிவு செய்து, ஓவியருக்கு ஒரு மாதிரிப் படம் வரைந்து தருவது அவர் வேலை. அவரை 'டிரான்ஸ்பார்மர்' என்றே அழைத்தனர். மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்ற அழுத்தத்துக்கு மாற்றித் தரும் கருவிக்கும் அதே பெயர்தானே! தமிழில் 'உருமாற்றுநர்' எனலாம். இப்பணியில் தலைசிறந்து விளங்கியவர் மேரி ரைடமைஸ்டர். பிற்காலத்தில் அவர் நொய்ராத்தை மணந்து, 1945-இல் அவர் மறைந்த பின்னும் அப்பணியைத் தொடர்ந்தார்.

1934-இல் ஆஸ்திரிய அரசியல் கொந்தளிப்பால் இக்குழுவினர் ஹாலந்துக்குச் சென்றனர். 1940-இல் அங்கும் ஜெர்மானியப் படை நுழையவே, நொய்ராத்தும் மேரியும் ஒரு படகில் இங்கிலாந்துக்குத் தப்பினர். அங்கே ஆவணப்பட இயக்குநர் பால் ரோத்தாவுடன் சேர்ந்தபோதுதான் ஐசோடைப் சின்னங்கள் திரையில் அசையத் தொடங்கின. உலக உணவுப் பங்கீட்டைப் பற்றிய 'வேர்ல்ட் ஆஃப் பிளென்டி' என்னும் 1943-ஆம் ஆண்டுப் படம் இவற்றுள் புகழ்பெற்றது. அச்சிட்ட தாளில் எல்லாச் சின்னங்களும் ஒரே நேரத்தில் கண்ணில் படும். திரையிலோ அவற்றை ஒவ்வொன்றாகக் கொண்டுவரலாம். பார்ப்பவர் மனத்துக்குள் எண்ணிக்கொண்டே வருவார். நாம் இன்று அசையும் விவரப்படம் என்று சொல்வது அங்கே தெளிவான உருவம் பெற்றது.

நம் நாட்டில்

விடுதலை பெற்ற இந்தியாவில் எழுத்தறிந்தோர் தொகை மிகக் குறைவு. எனவே படத்தால் அறிவு புகட்டும் எண்ணம் இயல்பாகவே எழுந்தது. கானடா நாட்டின் அசைபடக் கலைஞர் நார்மன் மெக்லாரன், யுனெஸ்கோவின் சார்பில் 1949-இல் சீனக் கிராமப்புறத்துக்குச் சென்று, சுகாதாரப் படங்களைத் தாமே வரைய உள்ளூர்க் கலைஞருக்குப் பயிற்சி அளித்தார். 1950-களின் தொடக்கத்தில் அதே நோக்கத்துடன் இந்தியாவுக்கும் வந்தார். விலையுயர்ந்த கருவிகள் இல்லாமல், கையிலுள்ள பொருள்களைக் கொண்டு படம் செய்வதே அவர் கற்பித்த பாடம்.

1948-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் 1956-இல் கார்ட்டூன் படப் பிரிவு ஒன்றை அமைத்தது. வால்ட் டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் அங்கு வந்து இளைஞர்களுக்குப் பயிற்சி தந்தார். ஜாதகக் கதையொன்றைத் தழுவிய 'பேனியன் டீர்' 1957-இல் வெளிவந்தது. பின்னாளில் இந்திய அசைபடத்தின் தந்தையாகப் போற்றப்பட்ட ராம்மோகன் அப்பிரிவில் பயின்றவர். விஜயா முலே இயக்கி, பீம்சேன் கைவண்ணத்தில் 1974-இல் வெளிவந்த 'ஏக் அனேக் அவுர் ஏக்தா' ஒருமைப்பாட்டைக் குழந்தைகளுக்குப் பறவைக் கூட்டத்தின் கதையால் சொன்னது. அக்காலத்தில் திரையரங்குகளில் முதன்மைப் படத்துக்குமுன் பிலிம்ஸ் டிவிஷன் படங்களைக் காட்டுவது கட்டாயம். அவை தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் குரல் மாற்றப்பட்டன. அந்நிறுவனம் இன்று தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டுவிட்டது.

அன்றைய உழைப்பு எத்தகையது? திரையில் நொடிக்கு 24 படங்கள் ஓட வேண்டும். இரண்டு நிமிடப் படத்துக்கு 2,880 படங்கள். ஒரே படத்தை இருமுறை பதிவு செய்து சிக்கனப்படுத்தினாலும் 1,440 ஓவியங்கள் தேவை. ஒருவர் முக்கிய நிலைகளை வரைவார். இன்னொருவர் இடைநிலைகளை நிரப்புவார். வேறொருவர் ஒளிபுகும் தாளில் மை தீட்டுவார். மற்றொருவர் வண்ணம் பூசுவார். இறுதியில் காமிராக்காரர் ஒவ்வொன்றாகப் பதிவு செய்வார். கார்த் தொழிற்சாலையின் தொடர்வரிசைக்கும் இதற்கும் வேறுபாடு மிகுதியில்லை.

கணிப்பொறியின் வருகை

இந்த உழைப்பைக் கணிப்பொறி விழுங்கிவிட்டது. அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் எட்வர்டு ஸஜாக் 1963-இல் கணிப்பொறியால் ஒரு சிறு படத்தை உருவாக்கினார். பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள் ஒன்று, எந்தப் பக்கம் திரும்பி நிற்கும் என்பதைக் கணக்கிட்டு, ஒரு பெட்டி உருண்டு செல்வதுபோல் அது காட்டியது. கையால் வரைந்த கோடு ஒன்றுகூட அதில் இல்லை.

இக்கலையை உலகறியச் செய்தவர் சுவீடன் நாட்டு மருத்துவர் ஹான்ஸ் ரோஸ்லிங். மாணவராக இருந்தபோது 1972-இல் பெங்களூர் புனித ஜான் மருத்துவக் கல்லூரியில் பொதுச் சுகாதாரம் பயின்றவர் இவர். 2006-இல் ஒரு மேடையில் அவர் காட்டிய படத்தில் ஒவ்வொரு நாடும் ஒரு குமிழி. குமிழியின் பரப்பு மக்கள்தொகை. மேலே செல்லச் செல்ல ஆயுள் மிகுதி. வலப்புறம் செல்லச் செல்லக் குடும்பம் பெரிது. ஆண்டுகள் ஓட ஓடக் குமிழிகள் இடம் பெயர்ந்தன. அவர் குதிரைப் பந்தய வர்ணனையாளரைப் போல அருகில் நின்று சுட்டிக்காட்டிப் பேசினார்.

அப்பேச்சு படத்துக்கு இன்றியமையாதது. நம் கண்ணால் ஒரே நேரத்தில் நான்கைந்து அசையும் பொருள்களுக்கு மேல் பின்தொடர முடியாது என்பதை உளவியல் ஆய்வுகள் 1980-களிலேயே காட்டின. அசைபடம் எல்லா நேரங்களிலும் அசையாப் படத்தைவிட நன்றாகக் கற்பிப்பதில்லை என்று பார்பரா ட்வெர்ஸ்கியும் உடனாய்வாளரும் 2002-இல் எடுத்துக்காட்டினர். மிக விரைவாக, மிகச் சிக்கலாக ஓடும் படம் வியப்பைத் தரும், விளக்கத்தைத் தராது. அதனால்தான் ரோஸ்லிங் எந்தக் குமிழியைப் பார்ப்பது என்று கைநீட்டிச் சொன்னார்.

மாணவர் குழுக்களும் இக்காலத்தில் களம் இறங்கின. 1993-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு, சிறுவர் சிலர் குழுவாகச் சேர்ந்து தம் ஊர்ச் சிக்கல் ஒன்றை ஆராயும் பழக்கத்தை நாடெங்கும் பரப்பியது. தமிழ்நாட்டில் 1980-இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் அதனை ஊர்தோறும் கொண்டுசென்றது. அக்குழுக்கள் கையால் வரைந்த அட்டைகளுடன் மேடையேறின. அண்டை மாநிலமான கேரளத்தில் 2018-இல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' குழுக்கள் பள்ளியிலேயே அசைபடம் செய்யப் பயில்கின்றன. இன்று ஒரு கைப்பேசி போதும். 1,440 ஓவியங்களின் வேலை ஒரு மாலையில் முடிந்துவிடுகிறது. செயற்கை அறிவுச் செயலிகளோ நிமிடங்களிலேயே படத்தைத் தருகின்றன.

ஆனால் மூன்றாம் ஆளின் வேலை முடிந்துவிட்டதா? ஓர் எடுத்துக்காட்டால் காண்போம்.

செம்பரம்பாக்கம்: ஒரு பயிற்சி

ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஆகிய ஊர்களின் ஏரிகளுடைய உபரிநீர் செம்பரம்பாக்கம் ஏரிக்கு வருகிறது. அதன் முழு ஆழம் 24 அடி. முழுக் கொள்ளளவு 364.5 கோடி கன அடி. அங்கிருந்து திறந்துவிடப்படும் நீர் அடையாற்றில் கலந்து சென்னை வழியே கடலுக்குப் போகிறது. 2015 டிசம்பர் 1-ஆம் நாள் பெருமழை பெய்தது. மறுநாள் காலை வரை 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ., தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. அடையாற்றங்கரை மூழ்கியது, உயிர்கள் பல மாண்டன.

தொழிற்பகுதியைச் சேர்ந்த மாணவர் குழு ஒன்று இதனை அசையும் விவரப்படமாக்க எண்ணினால் முதலில் சந்திக்கும் இடர் என்ன? 'நொடிக்கு 29,000 கன அடி' என்பது பார்ப்பவர் மனத்தில் எந்த உருவத்தையும் எழுப்பாது. உருமாற்றுநர் இங்கே கணக்கிட வேண்டும். ஒரு நாளுக்கு 86,400 நொடிகள். அதே அளவில் ஒரு நாள் முழுதும் நீர் சென்றால் ஏறத்தாழ 250 கோடி கன அடி ஆகும். அது ஏரியின் முழுக் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்று மிகுதி. இப்போது எண்ணுக்கு உருவம் வந்துவிட்டது. மேலிருந்து நீர் வராவிட்டால், நிறைந்த ஏரி ஒன்றரை நாளுக்குள் வற்றிவிடும் வேகம் அது!

இரண்டாவது இடர் இதைவிடப் பெரிது. மதகிலிருந்து வெளியேறிய நீரின் கோடு மட்டும் மேலே பாய்வதாகக் காட்டினால், படம் அதிகாரிகளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும். மழையின் பட்டை மட்டும் வளர்வதாகக் காட்டினால், வானத்தின்மேல் பழியைப் போட்டு எல்லாரையும் விடுதலை செய்துவிடும். இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2018-இல் தமிழகச் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. ஏரி நீரைக் கையாண்ட விதத்தைக் குறைகூறிய அது, நடந்தது மனிதரால் விளைந்த பேரிடர் என்றது. வரலாறு காணாத மழையே காரணம் என்பது அரசுத் தரப்பின் வாதம். செம்பரம்பாக்கத்து நீருடன் வேறு பல ஏரிகளின் உபரிநீரும் அடையாற்றில் சேர்ந்தது என்பதும் உண்மை.

இவற்றுள் எது சரி என்று மாணவர் தீர்ப்பளிக்க வேண்டியதில்லை. மழை, ஏரிக்கு வந்த நீர், ஏரியின் மட்டம், திறந்துவிட்ட நீர் ஆகிய நான்கையும் ஒரே கடிகாரத்தின்கீழ் ஓடவிட்டால் போதும். ஒரு நொடிக்கு ஒரு மணி என்று வைத்தால் நான்கு நாள் வரலாறு 96 நொடிகளில் அடங்கும். மழை நாளில் மட்டும் படத்தை விரைவாக்கக் கூடாது. விரைவாக்கினால் நீர் உண்மையைவிடத் திடீரென வந்ததாகத் தோன்றும். மட்டத்தைக் காட்டும் கோட்டை 20 அடியிலிருந்து தொடங்கக் கூடாது. தொடங்கினால் ஓர் அடி உயர்வும் மலைபோல் தெரியும். தொடங்கியே தீரவேண்டுமாயின் அதனை எழுத்தில் அறிவிக்க வேண்டும். கில்பிரெத் ஒவ்வொரு படத்திலும் கடிகாரத்தை வைத்ததும், நொய்ராத் சின்னத்தைப் பெரிதாக்கத் தடை விதித்ததும் இதற்காகத்தான்.

குழுவில் யார் யார்?

இவ்வரலாறு மாணவர் குழுவுக்குத் தரும் அறிவுரை தெளிவானது. பெரும்பாலான குழுக்களில் நன்றாக வரையத் தெரிந்தவருக்கோ, கணிப்பொறியில் தேர்ந்தவருக்கோ முதலிடம் தருகிறோம். எண்களைத் திரட்டும் வேலை கடைசி நாளில் யாரோ ஒருவர் தலையில் விழுகிறது. நடுவில் நிற்க வேண்டியவர் இல்லவே இல்லை.

குழுவை இவ்வாறு அமைத்துப் பாருங்கள். இருவர் விவரம் திரட்டட்டும். ஒவ்வோர் எண்ணுக்கும் அது எந்த அலுவலகத்திலிருந்து, எந்த நாளில் கிடைத்தது என்று குறிப்பேட்டில் எழுதட்டும். ஒருவர் உருமாற்றுநராக இருந்து, படம் சொல்ல வேண்டிய ஒரே ஒரு செய்தியை ஒரு வாக்கியத்தில் எழுதட்டும். அதற்குத் தேவையற்ற எண்களை விலக்கட்டும். அச்செய்திக்கு மாறாக இருக்கும் எண்ணை மட்டும் விலக்காதிருக்கட்டும். ஒருவர் படமும் குரலும் அமைக்கட்டும். கணினியைத் தொடுமுன் தாளில் கட்டம் கட்டமாக வரைந்து, நிறுத்துகடிகாரத்தைப் பிடித்து வாயால் சொல்லிப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் நிதானமாகச் சொல்ல முடியாததை ஒரு நிமிடப் படத்தில் காட்டவும் முடியாது. முடிந்த படத்தை, அப்பொருளை அறியாத ஒருவருக்கு ஒரே முறை காட்டி, அவர் என்ன புரிந்துகொண்டார் என்று கேளுங்கள். அவர் சொல்வதே உங்கள் படம் சொன்னது.

செம்பரம்பாக்கத்தின் மதகுகள் 2020 நவம்பரில் நிவர் புயலின்போது மீண்டும் திறக்கப்பட்டன, இனியும் திறக்கப்படும். ஏரிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் நடுவே வாழும் மக்களுக்கு எண்களைச் சரியாகப் படிப்பது உயிரைக் காக்கும் அறிவாகும். பார்ப்பவர் அசையும் கோட்டை எளிதில் நம்பிவிடுவர். அந்த நம்பிக்கைக்கு உரியதாக ஒரு படத்தைச் செய்யக் கற்கும் மாணவர், பிறர் காட்டும் படத்தில் கடிகாரம் எங்கே என்று கேட்கவும் கற்றுக்கொள்வர்.